யார் செஞ்ச பாவமும் இல்லீங்க இது

வாசகர் கேள்வி பதில்

பிள்ளையை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு கட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்கிற அப்பா அம்மாக்கள் அனுப்பின கேள்விகளை இந்தத் தடவை மொத்தமா எடுத்துக்கிட்டேன். நான் குழந்தைகள் வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா வேலை பார்த்தவ, சாமி கும்பிடுறவளும்தான், அதனால ரெண்டு பக்கத்துலயும் நின்னுதான் பதில் சொல்றேன். நீங்க கும்பிடுற சாமி எதுவா இருந்தாலும் சரி, சாமியே கும்பிடாதவங்களா இருந்தாலும் சரி, படிக்கலாம்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 6 வயசு. ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல்னு சொல்லி சேர்த்திருக்காங்க, கீமோ ஆரம்பிச்சு 3 வாரம் ஆகுது. நான் சின்ன வயசுலேர்ந்து ஒரு நாள் விடாம சாமி கும்பிடுறவ. இப்ப கண்ணை மூடினா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது, கோவம்தான் வருது. சொந்தக்காரங்க ஒருத்தங்க வந்து "நீ எதுலயோ குறை வச்சிருக்க, அதான் பிள்ளை மேல வந்து விடிஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுலேர்ந்து நான் என்ன தப்பு பண்ணேன்னு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டே கிடக்கேன்.
(பெயர் வேண்டாம்னு கேட்ட ஒரு அம்மா)

பதில்: தங்கச்சி, அவங்க சொன்னதை மனசுலேர்ந்து தூக்கி வெளிய போடுங்க. எலும்பு மஜ்ஜையில ரத்த அணுக்கள் உருவாகிற இடத்துல ஏதோ ஒரு அணுவோட மரபணுவுல மாற்றம் வந்து, அது ஒழுங்கா முதிர்ந்து வேலைக்குப் போகாம அப்படியே பெருகிக்கிட்டே போகுது, அதுதான் இந்த நோய். குழந்தைங்களுக்கு வர்ற புற்றுநோய்ல இதுதான் அதிகம். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அந்த மாற்றம் அப்பா அம்மாகிட்டேர்ந்து வந்தது கூட கிடையாது, அந்தப் பிள்ளை உடம்புலயே தானா நடக்கிறது. நீங்க கும்பிட்டதோ, கும்பிட மறந்ததோ, கர்ப்பமா இருந்தப்போ யாரையோ திட்டினதோ, இதுல எதுக்கும் அந்த அணுவுக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. 1948க்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைங்க அநேகமா எல்லாருமே சில மாசத்துல இறந்துடுவாங்க. அந்த வருஷம்தான் சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் அமினோப்டெரின்னு ஒரு மருந்தை 16 பிள்ளைங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, அதுல 10 பேருக்கு கொஞ்ச காலத்துக்காவது நோய் பின்வாங்குச்சுன்னு எழுதினாரு. உங்க பொண்ணுக்கு இந்த சிகிச்சையில கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் அந்த மருந்தோட நெருங்கின சொந்தம்தான். இன்னைக்கு நல்ல வசதி உள்ள இடங்கள்ல 10 பிள்ளைக்கு கிட்டத்தட்ட 9 பேர் பிழைச்சு வர்றாங்க. அப்படின்னா 1948க்கு முன்னாடி இருந்த அம்மாக்கள் எல்லாரும் பாவிங்க, இப்ப இருக்கிறவங்க எல்லாரும் புண்ணியவதிங்களா? அந்தக் காலத்து அம்மாக்களும் உங்களை மாதிரியேதான் அழுது கும்பிட்டிருப்பாங்க, அவங்களுக்கு இல்லாதது மருந்துதான். அதனால உங்க பக்தியையும் பிள்ளையோட நோயையும் ஒரே கணக்குப் புத்தகத்துல எழுதாதீங்க. நான் இந்தப் பக்கம் பூரா சொல்லப்போறது இது ஒண்ணைத்தான், வேற வேற மாதிரி.

கோவத்தைப் பத்தி. கும்பிட வரல, கோவம்தான் வருதுன்னா அந்தக் கோவத்தையே சொல்லுங்க. கண்ணு போனப்போ சுந்தரர் சிவன்கிட்ட நேருக்கு நேரா சண்டை போட்டவரு, பிள்ளையைப் பிரிஞ்ச துக்கத்துல யாகூப் நபிக்கு கண்ணே வெளுத்துப்போச்சுன்னு குர்ஆன் சொல்லுது, பைபிள்ல வர்ற யோபு தான் பிறந்த நாளையே சபிச்சாரு. இவங்களை எல்லாம் பக்தி கெட்டவங்கன்னு யாரும் சொல்லல. அப்படி இருக்கிறப்ப பெத்த பிள்ளைக்கு முதுகெலும்புல ஊசி போடுறதைப் பக்கத்துல நின்னு பார்க்கிற அம்மா நாலு வார்த்தை கேட்டா அதுல என்ன குத்தம் இருக்கு. வாயைத் திறக்கவே முடியலன்னா அதையும் விடுங்க, உங்களுக்காக கும்பிட வேற ஆள் இருப்பாங்க, அவங்க கும்பிடட்டும், நீங்க தூங்குங்க.

ஒண்ணு மட்டும் வேண்டாம்மா, "என் உயிரை எடுத்துக்கிட்டு அவளை விட்டுடு"ன்னு பேரம் பேசுறது. நிறைய அம்மாக்கள் பண்றது இது, எனக்குப் புரியாம இல்ல, ஆனா அப்படி வேண்டிக்கிட்டவங்க சாப்பிட மாட்டாங்க, தூங்க மாட்டாங்க, காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட போக மாட்டாங்க, தன் உடம்பை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்ட மாதிரியே நடந்துக்குவாங்க. இந்த சிகிச்சை மொத்தம் 2லேர்ந்து 3 வருஷம் போகும், இப்ப நடக்கிறது முதல் 4, 5 வார கட்டம்தான். அவ்வளவு நாளும் அவளுக்கு நீங்க வேணும்.

இதோட சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும், ஆனாலும் சொல்லிடுறேன். நடுவுல வீட்டுக்கு அனுப்பினா ஒரு தெர்மாமீட்டர் கையிலயே இருக்கட்டும், 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்ல 100.4 தொட்டாலே ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கிளம்பிடுங்க. வெள்ளை அணு குறைஞ்சிருக்கிற நேரத்துல காய்ச்சல்னா மணிக்கணக்குல நிலைமை மாறும், விடியட்டும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கிற விஷயம் இல்ல அது.

கேள்வி: என் பையனுக்கு 4 வயசு, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்னு ஒரு சிறுநீரக நோய், உடம்பெல்லாம் வீங்கி சேர்த்தோம், இப்ப ஸ்டீராய்டு மாத்திரையில வீக்கம் நல்லாவே வடிஞ்சிருக்கு. எங்க குடும்பத்துல மதிக்கிற ஒரு பெரியவர், மாத்திரையை நிறுத்திட்டு முழுசா ஆண்டவனை நம்புங்க, பாதி நம்பிக்கைக்குப் பலன் இல்லன்னு சொல்றாரு. என் மனைவி ஊசலாடுறா. என்ன பண்றது?

பதில்: நிறுத்தவே கூடாது தம்பி. ஸ்டீராய்டு உள்ள போயிட்டிருக்கும்போது உடம்பு தன்னோட சொந்த ஸ்டீராய்டு சுரக்கிறதைக் குறைச்சிடும், சில வாரம் சாப்பிட்ட பிள்ளைக்குத் திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனாலதான் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா அளவைக் குறைச்சு நிறுத்துவாங்க. போதாததுக்கு சிறுநீர்ல புரதம் போறது மறுபடி ஆரம்பிச்சு வீக்கமும் வரும். இந்த நோய் வர்ற சின்னப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஸ்டீராய்டு கேட்கும், நடுவுல திரும்பத் திரும்ப வரலாம், அதுல மனசு உடையாதீங்க, வளர வளர நிறைய பேருக்கு விட்டுப் போயிடும்.

பெரியவர்கிட்ட மரியாதையாவே சொல்லுங்க, "ஐயா நீங்க பிரார்த்தனை பண்ணுங்க, நாங்களும் பண்றோம், மாத்திரையை டாக்டர் சொல்றப்ப நிறுத்திக்கிறோம்"னு. ஒரு 4 வயசுப் பிள்ளையோட சிறுநீரகத்தை வச்சு பெரியவங்க தங்களோட நம்பிக்கையை நிரூபிச்சுக் காட்டுறது நியாயமே இல்ல, அதைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. உங்க மனைவிகிட்ட மட்டும் கோவப்படாதீங்க, அவங்க பயத்துல ஊசலாடுறாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவங்களையே நேரா கேட்கச் சொல்லுங்க, "இதை இன்னைக்கே நிறுத்தினா என்ன ஆகும்"னு.

கோயில், சர்ச், தர்கான்னு எங்கேர்ந்தாவது தண்ணி, பொடி, எண்ணெய் கொண்டு வர்றவங்களையும் இங்கயே சேர்த்துச் சொல்லிடுறேன், ஏன்னா இது பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு. கட்டில்ல, தலையணைக்கு அடியில மூடி போட்டு வைக்கிறதுக்கு சிஸ்டர்கிட்ட கேளுங்க, நிறைய இடத்துல விடுவாங்க. ஊசி லைன் போட்டிருக்கிற இடத்துலயும் ஆபரேஷன் காயத்துலயும் படவே கூடாது, அது வழியா கிருமி நேரா ரத்தத்துக்குப் போகும். ஆபரேஷனுக்கு முன்னாடி வெறும் வயித்துல இருக்கச் சொன்னா, திட உணவுன்னா 6 மணி நேரம் ஆகணும், ஒரு வாய் பிரசாதம் என்ன பண்ணிடப்போகுதுன்னு ஊட்டிடாதீங்க, மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். உலோகத் தாயத்து எம்ஆர்ஐ ரூமுக்குள்ள போகவே கூடாது. ஆக்சிஜன் ஓடுற இடத்துல விளக்கு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் ஏத்தாதீங்க, தீ பிடிச்சா கண்மூடி கண் திறக்கிறதுக்குள்ள பரவிடும்.

கேள்வி: 5 வயசுப் பேரன் காலெலும்பு ஆபரேஷனுக்காக படுத்திருக்கான். "பாட்டி நான் தம்பியை அடிச்சேன்ல, அதுக்குத்தான் சாமி எனக்கு இப்படிப் பண்ணிடுச்சா"ன்னு கேட்கிறான். எனக்கு தொண்டை அடைச்சுப்போச்சு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல தூங்கு"ன்னு சொல்லிட்டேன். என்ன சொல்லியிருக்கணும்?

பதில்: அம்மா, அவன் அதை உங்ககிட்ட கேட்டானே, அதுவே பெரிய விஷயம், நிறைய பிள்ளைங்க கேட்காமலே உள்ள வச்சுக்கிட்டு அழும். ஏறக்குறைய 3லேர்ந்து 7 வயசு வரைக்கும் பிள்ளைங்க உலகத்துல நடக்கிற எல்லாத்துக்கும் தான்தான் காரணம்னு நினைக்கும், நான் மனசுல நினைச்சேன் அதான் நடந்துச்சுன்னு நம்பும். நாமளும் சும்மா இருக்கிறதில்ல, "சேட்டை பண்ணா ஊசி போடச் சொல்லிடுவேன்", "சாமி கண்ணைக் குத்தும்"னு வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி வச்சிருக்கோம், அப்புறம் நிஜமாவே ஊசி வரும்போது பிள்ளை ரெண்டையும் சேர்த்துதானே பார்க்கும்?

இன்னைக்கே அவன்கிட்ட மறுபடி பேச்சை எடுங்க, அவன் மறந்திருப்பான்னு விட்டுடாதீங்க. "நீ அன்னைக்கு கேட்டியே கண்ணா, பாட்டி யோசிச்சேன். நீ தம்பியை அடிச்சதுனால இது வரல. நீ பண்ணதுனாலயும் வரல, நினைச்சதுனாலயும் வரல. சாமி பிள்ளைங்களுக்கு நோயைக் கொடுத்து தண்டிக்கிறவரு இல்ல. கால் எலும்புல ஒரு இடம் சரியில்ல, டாக்டர் அதைச் சரி பண்ணப்போறாரு"ன்னு, இவ்வளவுதான், நிதானமா, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் அவன் எப்படிப் புரிஞ்சுக்கிட்டான்னு அவன் வாயாலயே சொல்லச் சொல்லுங்க, ஏன்னா பிள்ளைங்க நாம சொன்னதுல பாதியை வேற மாதிரி எடுத்துக்கும். மயக்க மருந்தைப் பத்தி சொல்லும்போதும் வெறுமனே "தூங்க வைப்பாங்க"ன்னு விட்டுட்டா சில பிள்ளைங்க அப்புறம் வீட்டுல தூங்கவே பயப்படும், "இது டாக்டர் கொடுக்கிற மருந்துத் தூக்கம், வலி தெரியாது, முடிஞ்சதும் அவங்களே எழுப்பிடுவாங்க"ன்னு பிரிச்சுச் சொல்லுங்க.

வலிக்கிறதை வலிக்காதுன்னு சொல்லாதீங்கம்மா, ஒரு தடவை பொய்னு தெரிஞ்சா அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டான், சாமி காப்பாத்தும்னு நீங்க சொல்றதையும் சேர்த்துதான். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும், பாட்டி கையைப் பிடிச்சுக்கிறேன்"னு சொல்லுங்க. ஊசி போடுற இடத்துல மரத்துப்போற க்ரீம் தடவலாம், அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தடவணும், அதனால முன்கூட்டியே கேளுங்க. படுக்க வச்சு நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிறதை விட யாராவது அணைச்சபடி உக்கார வச்சுக்கிட்டா பிள்ளைக்கு பயம் குறையும், கால் நிலைமை அதுக்கு இடம் கொடுக்குமான்னும் கேட்டுக்கோங்க. வீட்டுல இருக்கிற அந்தத் தம்பியையும் விட்டுடாதீங்க, அண்ணன் கீழ விழணும்னு அவனும் என்னைக்காவது நினைச்சிருப்பான், அவனுக்கும் இதே நாலு வரியை யாராவது சொல்லணும்.

கேள்வி: எங்க வாட்ஸ்அப் குரூப்ல நூத்துக்கணக்கானவங்க என் மகளுக்காகப் பிரார்த்தனை பண்றாங்க. பிரார்த்தனை வேலை செய்யும்னு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா?

பதில்: கேட்டதுக்கு நேரா பதில் சொல்றேன். 2006ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவு வந்துச்சு, 6 ஆஸ்பத்திரிகள்ல இதய பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 1802 பெரியவங்களை மூணு குழுவா பிரிச்சு, முன்பின் தெரியாதவங்களை விட்டுப் பிரார்த்தனை பண்ண வச்சாங்க. பிரார்த்தனை கிடைச்சவங்களுக்கு 52 சதவீதம் பேருக்கு சிக்கல் வந்துச்சு, கிடைக்காதவங்களுக்கு 51. இந்த ரெண்டு குழுவுக்கும் தங்களுக்கு நடக்குதா இல்லையான்னு தெரியாது. உங்களுக்காக நிச்சயமா பிரார்த்தனை நடக்குதுன்னு சொல்லியே வச்சிருந்த மூணாவது குழுவுல 59 சதவீதம். அந்தக் கூடுதலுக்கு என்ன காரணம்னு உறுதியா யாரும் சொல்லல, நம்மளுக்கே ஜெபம் பண்ற அளவுக்கு நிலைமை மோசமான்னு பயந்திருக்கலாம்னு சிலர் நினைச்சாங்க.

நான் இதைப் படிச்சு கும்பிடுறதை விடல. பிரார்த்தனையை மருந்து மாதிரி டோஸ் கணக்குல அளந்தா இப்படித்தான் வரும், நூறு பேர் கும்பிட்டா பத்து பேர் கும்பிடுறதை விட பத்து மடங்குன்னு நினைக்கிறவங்களும் அதே கணக்கைத்தான் போடுறாங்க. அப்படின்னா யாருமே இல்லாத பிள்ளைக்கு கடவுள் காது கொடுக்க மாட்டாரா? அப்படி ஒரு கடவுளை என்னால கும்பிட முடியாது.

ஆனா அந்த குரூப்ல இருக்கிறவங்களோட அன்பு நிஜம், அதுக்கு ஒரு வேலை கொடுங்க. ரத்தம் தேவைப்படுற நோயா இருந்தா ரத்த வங்கியில கேட்டுட்டு அவங்களைத் தானம் பண்ணச் சொல்லுங்க, பிளேட்லெட் எல்லாம் 5லேர்ந்து 7 நாளுக்கு மேல வச்சிருக்க முடியாது, அதனால புதுசு புதுசா ஆள் வேணும். ஒருத்தர் ஒரு ராத்திரி வந்து உக்காந்தா நீங்க படுக்கலாம், இன்னொருத்தர் வீட்டுல இருக்கிற பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகலாம். சளி, காய்ச்சல் இருக்கிறவங்க மட்டும் கட்டில் பக்கம் வரவே வேண்டாம்னு தயங்காம சொல்லிடுங்க. அப்புறம் ஒரு வேண்டுகோள், மூக்குல ட்யூப் சொருகி, முடி கொட்டி, அரை மயக்கத்துல கிடக்கிற பொண்ணோட போட்டோவை குரூப்ல போடாதீங்க, பேரைச் சொன்னாலே போதும், அவ வளர்ந்து 15 வயசாகும்போதும் அந்தப் படம் யாரோ ஒருத்தர் போன்ல கிடக்கும்.

கேள்வி: எங்க குழந்தை 30வது வாரத்துலயே பிறந்துட்டான், இங்குபேட்டர்ல இருக்கான். கண்ணாடிக்கு வெளிய நின்னு கும்பிடுறதைத் தவிர அப்பாவா எனக்கு ஒரு வேலையும் இல்ல.

பதில்: இருக்கு தம்பி. சட்டையைக் கழட்டிட்டு பிள்ளையை வெறும் நெஞ்சுல, தோலோட தோலா படுக்க வச்சுக்கிற வேலை. 1970களோட கடைசியில கொலம்பியா நாட்டுல பொகோட்டாவுல இங்குபேட்டர் பத்தாததால எட்கர் ரேன்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சு வச்சது, கங்காரு முறைன்னு பேரு. 2022லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் குறைமாசப் பிள்ளைங்க எல்லாருக்கும் முடிஞ்ச அளவு சீக்கிரமாவே, ஒரு நாளைக்கு 8லேர்ந்து 24 மணி நேரம் வரைக்கும் பண்ணச் சொல்லுது. உயிர் பிழைக்கிறதே கூடுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. அம்மாதான் பண்ணணும்னு இல்ல, அப்பா நெஞ்சும் சூடுதான். "எங்க பையனுக்கு எப்ப ஆரம்பிக்கலாம்"னு இன்னைக்கே கேளுங்க, இப்ப முடியாதுன்னா எப்ப முடியும்னு கேளுங்க. கையை முழங்கை வரை கழுவிட்டு, மோதிரம் கடிகாரம் கழட்டிட்டுப் போங்க. நெஞ்சுல அவன் இருக்கும்போது கும்பிட்டுக்கோங்க, உங்க குரல் அவனுக்குக் கேட்கும்.

கேள்வி: என் மகன் ஐசியூவுல 11 நாள் வென்டிலேட்டர்ல இருந்து பிழைச்சு வந்துட்டான். அதே நோயோட பக்கத்துக் கட்டில்ல இருந்த பிள்ளை போயிடுச்சு. அந்த அம்மாவும் நானும் ஒண்ணா உக்காந்துதான் கும்பிட்டோம். இப்ப எல்லாரும் "உன் பக்திதான் பிள்ளையைக் காப்பாத்துச்சு"ன்னு சொல்றாங்க. எனக்கு நன்றி சொல்லக்கூட கூசுது.

பதில்: உங்க கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன் தங்கச்சி. கூசுறது சரிதான், அந்தக் கூச்சத்தை யாரும் போக்கிடாம பார்த்துக்கோங்க. உங்க பக்தி காப்பாத்துச்சுன்னா அந்த அம்மாவோட பக்தி காப்பாத்தலன்னு ஆகுதே, அவங்க பக்கத்துலேயே உக்காந்து பார்த்த உங்களுக்குத் தெரியும் அது பொய்னு. ஒரே நோய், ஒரே மருந்து, ஆனாலும் ஒரு பிள்ளையோட உடம்பு தாங்குது, இன்னொரு பிள்ளைக்கு கிருமி முந்திக்கிட்டு சிறுநீரகம், இதயம்னு ஒண்ணு ஒண்ணா கைவிட்டுப் போகுது, எவ்வளவு சீக்கிரம் கொண்டு வந்தாங்க, முன்னாடியே உடம்புல என்ன குறை இருந்துச்சு, இப்படி எத்தனையோ. ஏன் அந்தப் பிள்ளைன்னு கேட்டா எனக்கும் பதில் கிடையாது, இத்தனை வருஷம் வார்டுல நின்னும் கிடைக்கல, கிடைச்சதுன்னு சொல்றவங்களை நான் நம்புறதும் இல்ல.

அதுக்காக நன்றி சொல்றதை விட்டுடணுமா? வேண்டாம். "மத்தவங்களை விட்டுட்டு என் பிள்ளையை மட்டும் காப்பாத்தினதுக்கு நன்றி"ன்னு சொன்னாதான் கூசும். "இவன் இருக்கான், இன்னைக்கு மூச்சு விடுறான், நன்றி"ன்னு அதோட நிறுத்திக்கோங்க, ஒப்பிடாதீங்க. ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்த சிஸ்டர், சளி உறிஞ்சி எடுத்தவங்க, தரையைத் துடைச்சவங்க, அவங்க பேரையும் அந்த நன்றியில சேர்த்துக்கோங்க. வாழ்த்துறவங்க பக்தின்னு ஆரம்பிச்சா "அந்த அம்மாவும் என்னை மாதிரியேதான் கும்பிட்டாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல பேச மாட்டாங்க.

அந்த அம்மாகிட்ட போறதுக்கு பயமா இருக்கும், உயிரோட இருக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு எந்த முகத்தோட போறதுன்னு. போங்க. முதல்ல தனியா போங்க, பையனைக் கூட்டிட்டுப் போக வேண்டாம், அவங்களே கேட்டா அப்புறம் பார்த்துக்கலாம். கடவுளுக்குப் பிடிச்ச பிள்ளைங்களை சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு, எல்லாம் நல்லதுக்கே, இந்த ரெண்டு வாக்கியமும் உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது. அந்தப் பிள்ளையோட பேரைச் சொல்லி, ஐசியூவுல நீங்க பார்த்த ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. இறந்த பிள்ளையோட பேரை யாருமே சொல்றதில்லங்கிறதுதான் பெத்தவங்களுக்கு பெரிய கொடுமை. நாள் போனதுக்கப்புறமும், பிறந்தநாள் வரும்போதும் ஒரு போன் பண்ணுங்க.

கேள்வி: நான் சாமி நம்பிக்கை இல்லாதவன், மனைவி ரொம்ப பக்தி. கட்டில் பக்கத்துலயே சண்டை வருது.

பதில்: அவங்க கும்பிடும்போது நீங்க ரூமை விட்டு வெளிய போகாதீங்க, சும்மா பிள்ளையோட காலைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நீங்க கும்பிட வேண்டியதில்ல. உங்களைக் கும்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்னு அவங்களுக்கும் நான் சொல்றேன். சிகிச்சை முடிவுகளை மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா, டாக்டர் எதிர்ல எடுங்க. பிள்ளைக்குக் காது நல்லா கேட்கும், சண்டையை வெளிய வச்சுக்கோங்க.

கேள்வி: 9 வயசு மகள். இனிமே குணப்படுத்துற சிகிச்சை இல்ல, பாலியேட்டிவ் டீமைப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த டீமைப் பார்த்தா அதிசயத்து மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு ஆகிடாதா? அவளுக்கு எதுவும் தெரியாது, நாங்க சொல்லவும் இல்ல.

பதில்: அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன். ஆகாது. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கம், பயம், இதையெல்லாம் பார்த்துக்கிறவங்கதான் அந்த டீம். பிள்ளைங்களுக்கு இந்த கவனிப்பை நோய் கண்டுபிடிச்ச அன்னைக்கே ஆரம்பிக்கணும், சிகிச்சை நடந்தாலும் நடக்கலன்னாலும் தொடரணும்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதிசயம் நடக்கிறதா இருந்தா வலியில்லாம படுத்திருக்கிற பிள்ளைக்கும் நடக்கும். மார்ஃபின் கொடுத்தா பழகிடும், சீக்கிரம் கொண்டு போயிடும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, தெரிஞ்ச டாக்டர் எடைக்குத் தகுந்த மாதிரி அளவு பார்த்துக் கொடுத்தா அது பிள்ளைக்கு நிம்மதியான மருந்து. நீங்க குணமாகணும்னு வேண்டிக்கிட்டே இருக்கலாம், கூடவே இன்னைக்கு ராத்திரி வலி இல்லாம தூங்கணும்னும் வேண்டிக்கலாம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளாது.

அவளுக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. 1970கள்ல மைரா புளூபாண்ட்-லாங்னர்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் ரத்தப் புற்றுநோய் இருந்த பிள்ளைங்களோடவே மாசக்கணக்குல இருந்து பார்த்தாங்க, எல்லாம் உங்க மகளை விட சின்னப் பிள்ளைங்க, இல்ல அவ வயசு. பெரியவங்க யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைங்களுக்குத் தான் இறந்துக்கிட்டிருக்கோம்னு தெரிஞ்சிருந்துச்சு, அப்பா அம்மா அழுவாங்கன்னு தெரியாத மாதிரி நடிச்சாங்க. நானும் அப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன், "அம்மாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்"னு என் கையைப் பிடிச்சுக்கும். எல்லாத்தையும் போய் கொட்டிடுங்கன்னு நான் சொல்லல. அவ கேட்க ஒரு வழி விடுங்க, "உனக்கு ஏதாவது பயமா இருக்கா, எங்களை எது வேணாலும் கேட்கலாம், நாங்க அழுதாலும் பரவாயில்ல"ன்னு. அவ கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. செத்தா எங்க போவேன்னு கேட்டா உங்க மதம் என்ன சொல்லுதோ, நீங்க நிஜமா எதை நம்புறீங்களோ அதைச் சொல்லலாம், "நாங்க இப்படி நம்புறோம்"னு சொல்லி, அவ என்ன நினைக்கிறான்னும் கேளுங்க. அங்க போக பயமா இருக்குன்னு சொன்னா பயப்படக்கூடாதுன்னு அடக்காதீங்க, பக்கத்துல படுத்துக்கோங்க. யாரைப் பார்க்கணும், என்ன பண்ணணும், வீட்டுல இருக்கணுமா ஆஸ்பத்திரியில இருக்கணுமான்னு அவகிட்ட கேளுங்க, 9 வயசுப் பொண்ணுக்கு இதுல கண்டிப்பா ஒரு விருப்பம் இருக்கும்.

கேள்வி: பையன் டிஸ்சார்ஜ் ஆகி 2 மாசம் ஆச்சு, நல்லா ஓடி ஆடுறான். ஆஸ்பத்திரியில அழாத நான் இப்பதான் அழறேன். மானிட்டர் சத்தம் காதுல கேட்டு ராத்திரி எழுந்து அவன் மூச்சு விடுறானான்னு பார்க்கிறேன். வீட்டுக்காரரும் பேசாமலே இருக்காரு. இவ்வளவு நல்லது நடந்தும் இப்படி இருக்கிறது நன்றி கெட்டதனமா?

பதில்: இல்லவே இல்ல. ஐசியூவுல பிள்ளையை வச்சிருந்த பெத்தவங்கள்ல நிறைய பேருக்கு வர்றதுதான் இது, அங்க அழ நேரம் இல்ல, உடம்பு இப்பதான் பயப்பட ஆரம்பிச்சிருக்கு. தூக்கம் கெடுறது, அதே காட்சி திரும்பத் திரும்ப வர்றது, அந்த ஆஸ்பத்திரி ரோட்டுப் பக்கமே போக முடியாதது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுறது, இதெல்லாம் ஒரு மாசத்தைத் தாண்டியும் குறையலன்னா மனநல டாக்டரையோ கவுன்சிலரையோ பார்க்கணும், உங்களுக்கு 2 மாசம் ஆயிடுச்சு, அதனால இந்த வாரமே பாருங்க. இதுக்குப் பேச்சு சிகிச்சை நல்லாவே வேலை செய்யும். பையனோட அடுத்த செக்கப்புக்குப் போகும்போது குழந்தை டாக்டர்கிட்டயே "எனக்கு யாரைப் பார்க்கலாம்"னு கேட்டா வழி சொல்லுவாங்க. உங்க வீட்டுக்காரரும் பேசாம இருக்காருன்னு எழுதியிருந்தீங்க, அவரையும் கூட்டிட்டுப் போங்க.